அக்கா மகனுக்கு எந்தக் கத்தி?

போன டிசம்பரில் அக்கா மகன் சமையல் படிப்பை முடித்து, தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்தில் இருக்கும் உம்ஷ்லாங்காவில் ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தான். மாமன்மார் நாங்கள் மூன்று பேர். ஆளுக்கு 3,000 ரேண்ட் போட்டு, காலத்துக்கும் அவன் கையில் இருக்கிற மாதிரி நல்ல கத்தி ஒன்று வாங்கித் தருவது என்று பேசினோம். பணம் அன்றைக்கே சேர்ந்துவிட்டது. எந்தக் கத்தி என்பதில்தான் இரண்டு மாதம் இழுத்தது.

தம்பிக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரே பிடிவாதம்: நெளிகோடு விழுந்த டமாஸ்கஸ் எஃகுக் கத்தி. அதுவும் கடையில் பெட்டிக்குள் வருவது வேண்டாம், நம் மாகாணத்தில் கைவினைஞர்கள் கூட்டாகச் செய்வதுதான் வேண்டும். ஹோவிக் பக்கம் ஒருவர் உலையில் எஃகை அடித்துப் பாளமாக்கித் தருகிறார். டர்பனில் இன்னொருவர் அதைக் கத்தியாக இழைக்கிறார். மரவேலை தெரிந்த மூன்றாமவர் பிடி போடுகிறார். படத்தைப் பார்த்தபோது எனக்கும் ஆசை வந்தது. மழைத் தண்ணீர் மணலில் ஓடிய தடம் மாதிரி அலகு முழுக்கக் கோடுகள். விலை 8,500 ரேண்ட்.

அண்ணன், ஜெர்மன் ஆலைக் கத்தி ஒன்று வாங்கி மிச்சப் பணத்தைப் பையன் கையில் கொடு என்றார். அக்கா மகனே தேடி அனுப்பியது ஜப்பான் ஆலையில் செய்த 67 அடுக்குக் கத்தி. நான் விசாரிக்கப் போன இடத்தில் நான்காவதாக ஒன்று வந்து சேர்ந்தது: அதே டர்பன்காரர் கோடு எதுவும் இல்லாத ஒற்றை எஃகில், ஆரம்பம் முதல் முடிவு வரை தானே செய்கிற கத்தி. 2,800 ரேண்ட்.

தம்பி சொன்ன காரணத்தை முதலில் பார்த்துவிடுகிறேன், ஏனென்றால் இதே காரணத்துக்காக நம் ஆட்கள் பலர் பணத்தை எடுத்து நீட்டுகிறார்கள். "அண்ணே, இது நம்ம ஊர் உருக்கு. சிரியாவுக்குப் போய்ப் பேர் மாறி வந்திருக்கு." பாதி சரி. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது, இரும்பும் எஃகும் செய்த உலைகளின் தடயங்கள் கிடைத்தன. இரும்பைக் கரியோடு சேர்த்து மண்குகை என்கிற சின்ன மண்பாத்திரத்துக்குள் வைத்து மூடி, உருக்கி, மெல்ல ஆறவிட்டு எடுத்த எஃகு அது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செய்த அந்த எஃகுக் கட்டிகள் மேற்கே போய்ப் பாரசீகத்திலும் சிரியாவிலும் வாளாயின. ஐரோப்பியர் அதற்கு வைத்த 'ஊட்ஸ்' என்ற பெயரே நம் உக்கு, உருக்கு என்ற சொல்லின் திரிபு என்பார்கள். மைக்கேல் ஃபாரடே 1820 வாக்கில் அந்த எஃகை லண்டனில் வைத்து ஆராய்ந்திருக்கிறார். அதில் தெரியும் நெளிகோடு எஃகு ஆறும்போது உள்ளுக்குள் தானாக விழுந்த கோடு.

இன்றைக்கு டமாஸ்கஸ் என்று விற்பதில் கோடு விழுவது வேறு வழியில். இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, காய்ச்சி அடித்து ஒன்றாக ஒட்டியது. உலகத்தில் பல ஊர்களில் பழைய காலத்திலிருந்தே இருந்த முறைதான். 1973இல் அமெரிக்கக் கத்தி வினைஞர் வில்லியம் மோரன் அப்படிச் செய்த கத்திகளை ஒரு கண்காட்சியில் வைத்த பிறகு மறுபடி பரவியது. இங்கே 1980இலேயே கத்தி வினைஞர்களுக்கு கில்ட் என்று ஒரு சங்கம் அமைந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் செய்த கத்திகளுக்கு வெளிநாட்டிலும் நல்ல பெயர். ஆகவே கொடுமணல் பெருமைக்காக இதை வாங்காதீர்கள். இதை அடித்த கைக்காக வாங்கினால், அது நியாயமான காரணம்.

அந்தக் கையை நேரில் பார்க்க ஒரு சனிக்கிழமை ஹோவிக் போனோம். அக்காவும் கூட வந்தாள். 1084 என்ற கரி எஃகு நான்கு தகடு, 15என்20 என்ற நிக்கல் கலந்த எஃகு மூன்று தகடு. மொத்தம் ஏழு, கைக்குள் அடங்குகிற ஒரு செங்கல் அளவு. எரிவாயு உலையில் செந்நிறம் வந்ததும் வெளியே இழுத்து, மேலே வெண்காரத்தைத் தூவினார். அது உருகிக் கண்ணாடி மாதிரி வழிந்து, ஒட்டும் இடத்தில் செதில் படியாமல் காக்கிறது. மறுபடி உள்ளே. இந்த முறை நிறம் ஏறி வெயில் பட்ட எலுமிச்சம்பழ மஞ்சளானது. எடுத்துப் பட்டறைக்கல்லில் வைத்து அடித்த முதல் அடியில் வெண்காரம் நாலாபக்கமும் பொறியாகத் தெறித்தது. அக்கா மூன்றடி பின்னால் போய்விட்டாள். நீட்டி, வெட்டி, மடித்து, மறுபடி ஒட்டுகிறார். ஏழு பதினான்காகிறது, ஐந்து மடிப்பில் 224 அடுக்கு. ஒவ்வொரு காய்ச்சலிலும் எஃகில் கொஞ்சம் செதிலாக உதிர்ந்து வீணாகிறது. ஒரு மடிப்பில் ஒரு மூலை சரியாக ஒட்டவில்லை என்றால் அன்றைய வேலை அத்தனையும் போச்சு. 8,500 ரேண்ட் எங்கே போகிறது என்று அந்த ஒரு மணி நேரத்தில் எங்களுக்குப் புரிந்தது. பேரம் பேச அதற்கப்புறம் தம்பிக்கே வாய் வரவில்லை.

கோடு கடைசியில்தான் தெரிகிறது. இழைத்து முடித்த அலகு வெறும் வெள்ளித் தகடு மாதிரி இருக்கும். ஃபெரிக் குளோரைடு கரைசலில் அதை முக்கி எடுத்ததும், 1084 கறுத்துவிடுகிறது, நிக்கல் உள்ள 15என்20 பளபளப்பாகவே நிற்கிறது. கோலப்பொடி போட்ட தரையில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒவ்வொரு கோடாக எழும்பி வந்தது.

சரி, இந்தக் கோடு வெங்காயத்தை நன்றாக வெட்டுமா? வெட்டாது. கெடுக்கவும் கெடுக்காது. வெட்டுவது மூன்று விஷயம்: கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், இருக்கும் எஃகு, அதைக் காய்ச்சி அமிழ்த்திப் பதமாக்கிய தோய்ச்சல், அலகின் கனம். இந்த மூன்றும் நன்றாக அமைந்த டமாஸ்கஸ் கத்தி, இதே மூன்றும் அமைந்த சாதாரணக் கத்தி அளவுக்கு வெட்டும். அதற்கு மேல் வெட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கூட்டு வேலையில் இந்த மூன்றில் நடுவில் இருப்பதுதான் ஆபத்தான இடம். தோய்ச்சல் போட்டது யார்? 1084 எஃகை 800 டிகிரிக்குச் சற்று மேலே காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்த வேண்டும். அப்போது கண்ணாடி மாதிரிக் கடினமாகி, கீழே போட்டால் உடைகிற நிலையில் இருக்கும். பிறகு 200 டிகிரி அடுப்பில் இரண்டு தடவை வைத்துப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடினத்தை அளக்கிற ராக்வெல் சி அளவில் 60 வாக்கில் நின்றால் சமையல் கத்திக்குச் சரி. பாளம் அடித்தவருக்கு எஃகு தெரியும், தோய்ச்சல் போடுவது அவர் இல்லை. இழைத்தவர் தோய்ச்சல் போடுகிறார், எஃகு அவர் தேர்ந்தது இல்லை. இந்தக் கைமாற்றத்தில் ஒரு வார்த்தை தவறினால் கத்தி போயிற்று.

என் நண்பர் ஒருவர் வேறு இடத்தில், வேறு இரண்டு பேர் சேர்ந்து செய்த கத்தியை வாங்கினார். பார்க்க அப்படி ஓர் அழகு. இரண்டே வாரத்தில் வாய் மடங்க ஆரம்பித்தது. காலையில் சாணை பிடித்தால் சாயங்காலம் தக்காளித் தோல் மேல் வழுக்குகிறது. இழைத்தவரைக் கேட்டால் பாளம் சரியில்லை என்கிறார், பாளம் அடித்தவரைக் கேட்டால் அவர் சூடு தவறிவிட்டார் என்கிறார். பணம் கொடுத்தவர் நடுவில் நிற்கிறார். ஆகவே நாங்கள் ஹோவிக்கிலும் டர்பனிலும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டோம்: தோய்ச்சல் யார் பொறுப்பு, உடைந்தால் யாரிடம் வருவது? இருவரும் டர்பன்காரர் பெயரையே சொன்னார்கள். பாளத்தில் என்னென்ன எஃகு, எத்தனை டிகிரி என்று எழுதிய சீட்டு பாளத்தோடு கூடவே வருகிறது என்று அவர் எடுத்தும் காட்டினார். கூட்டாகச் செய்த கத்தி வாங்கப் போகிறவர்கள் வேறு எதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேட்டுவிடுங்கள். இரண்டு பேர் இரண்டு பதில் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

இனி அவருடைய ஒற்றை எஃகுக் கத்தி. ஆஸ்திரியாவில் போலர் ஆலை செய்கிற என்690 என்ற துருப்பிடிக்காத எஃகு. இங்குள்ள வினைஞர்கள் பலர் விரும்பி எடுப்பது. 17 சதவீதம் குரோமியம், ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் கரி. இதற்குத் தோய்ச்சல் போட 1,050 டிகிரிக்கு மேல் போய், அங்கேயே சில நிமிடம் சூடு அசையாமல் நிற்க வேண்டும். கண்ணால் நிறம் பார்த்துச் செய்ய முடியாது, மின்சூளை வேண்டும். 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது அட்டவணையைப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சூளையை மூட்டியதாகச் சொன்னார். பாதியில் மின்சாரம் போனால் அந்த அலகின் பதத்துக்கு அவரால் உத்தரவாதம் தர முடியாதாம். அந்தக் கத்திமேல் எனக்கு மதிப்பு வந்தது அந்தப் பேச்சில்தான்.

ஜப்பான் கத்தியைப் பற்றி நம் வீடுகளில் ஒரு குழப்பம் இருக்கிறது. 67 அடுக்கு என்றால் கத்தி முழுக்க 67 அடுக்கும் சேர்ந்து வெட்டும் என்று நினைக்கிறோம். நடுவில் விஜி-10 என்ற ஒரே எஃகு, இரண்டு பக்கமும் 33, 33 அடுக்காக மென்மையான போர்வை. வெட்டுவது அந்த நடு எஃகு மட்டும். ஃபுக்குயி மாகாணத்துத் தக்கேஃபு ஆலை உருவாக்கிய நல்ல எஃகு அது, துருவும் பிடிக்காது. தோய்ச்சலும் ஆலையில் ஒரே சீராக நடக்கிறது, கைமாற்றத் தொல்லை இல்லை. குறை எங்கே என்றால், மெல்லிய வாய், கடின எஃகு. ஆட்டெலும்பில் ஒரு தட்டுத் தட்டினால் வாயிலிருந்து சில்லு பெயரும். நம் கறி எலும்போடு வருவது. ஓட்டல் அடுப்படியில் அவசரத்துக்கு யாராவது அந்தக் கத்தியை எடுத்து நண்டு உடைத்துவிட்டால் அழுவது பையன்தான். அதோடு, இதே தோற்றத்தில் வெறும் எஃகின் மேல் கோட்டை அச்சடித்து விற்கிற மலிவுச் சரக்கும் சந்தையில் இருக்கிறது. கத்தியின் முதுகைப் பாருங்கள். உண்மையான அடுக்கு என்றால் அரிந்த வெங்காயம் மாதிரி முதுகிலும் வரி தெரியும். அச்சடித்தது பக்கவாட்டோடு நின்றுவிடும்.

அண்ணன் சொன்ன ஜெர்மன் கத்தியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ராக்வெல் 56 வாக்கில் இருக்கும், சீக்கிரம் மழுங்கும், சாணைக் கம்பியில் நாலு இழுப்பு இழுத்தால் திரும்ப வரும். எந்த ஓட்டலிலும் நாலு கிடக்கும். அதனாலேயே அது மாமன் கொடுக்கிற பொருளாக எனக்குப் படவில்லை.

இவ்வளவு தூரம் வந்த பிறகும் தம்பிக்கும் எனக்கும் கடைசி வாதம் துரு பற்றித்தான். 1084, 15என்20 இரண்டுமே கரி எஃகு. டர்பன் கடற்காற்றில் வெறும் இரும்பு ஒரு ராத்திரியில் சிவந்துவிடும். நம் சமையலோ புளி, தக்காளி, எலுமிச்சை. டிசம்பர் மாதம் ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டுகிற வீட்டில் கரி எஃகுக் கத்தி என்ன ஆகும் என்பதை நானே பார்த்தேன்: டர்பன்காரர் பட்டறையில் கொடுத்த ஒரு பழைய கத்தியில் மாங்காய் ஒன்றை நறுக்கிவிட்டு, பேச்சு சுவாரசியத்தில் அப்படியே வைத்துவிட்டேன். பத்து நிமிடம் இருக்கும். சாறு நின்ற இடமெல்லாம் கருநீலத் திட்டு, மாங்காய் ஓரத்தில் கறுப்பு. அது அழுக்கு இல்லை. நாளடைவில் அலகு முழுக்கப் படர்ந்து ஒரு பூச்சு மாதிரி நின்று, துருவை ஓரளவு தடுக்கும். ஆனால் துடைக்காமல் விட்டால் சிவப்புத் துரு வரும், அது எஃகைத் தின்னும். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைத்து மறுநாள் வரை விட்டாலே அந்த இடத்தில் வட்டமாகத் தடம் விழும் என்று சொன்னார். ஆக இந்தக் கத்திக்கு ஒரு பழக்கம் வேண்டும்: வெட்டி முடித்த கையோடு துடைப்பது. கழுவும் தொட்டியில் போடவே கூடாது. வாரத்துக்கு ஒரு தரம் மினரல் ஆயில் ஒரு சொட்டு. சமையல் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும்.

ஓட்டலில் ராத்திரி எட்டு மணிக்கு இருபது தட்டு காத்திருக்கும்போது இருபது வயதுப் பையன் கத்தியைத் துடைத்துக்கொண்டிருப்பானா? துடைக்க நினைத்தாலும் நேரம் இருக்காது. பாத்திரம் கழுவுகிறவர் அதை எடுத்துத் தொட்டியில் போட்டால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. துருப்பிடிக்காத டமாஸ்கஸும் உண்டு, ஸ்வீடனில் சோடர்ஃபோர்ஸ் ஊரில் செய்கிற டமாஸ்டீல். அதில் கேட்டால் எங்கள் 9,000 போதாது.

கனத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் கத்தி செய்கிற கைகள் பல வேட்டைக் கத்தியில் பழகியவை. மான் தோல் உரிக்கிற கத்திக்கு முதுகு நாலைந்து மில்லிமீட்டர் இருக்கலாம். அதே கனத்தில் சமையல் கத்தி செய்தால், கேரட்டை வெட்டும்போது 'டக்' என்று பிளக்கும், பூசணியில் பாதியில் மாட்டிக்கொள்ளும். பிடிக்குப் பக்கத்தில் முதுகு இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர், முனைக்குப் போகப் போக மெலிய வேண்டும். யாரிடம் வாங்கினாலும் கேரட் ஒன்றைக் கொண்டுபோங்கள். சத்தம் இல்லாமல் இறங்கினால் கத்தி சரி. டர்பன்காரர் கத்திகள் இரண்டும் சத்தம் போடவில்லை.

பிடிக்கு மரம் தேர்ந்தெடுக்கிற இடத்தில் தம்பி தம்போட்டியைக் கேட்டான், கருஞ்சிவப்பு வரியும் வாசனையும் உள்ள மரம். அதன் பால் நச்சு, அந்த விறகில் சுட்ட இறைச்சியைத் தின்றவர்களுக்கே உடம்புக்கு ஆகாமல் போயிருக்கிறது. அடுப்படிக் கத்திக்கு அதை எதற்கு வம்பாக வைப்பானேன்? காட்டு ஒலிவ் மரம் நல்லது, இழை நெருக்கம், ஈரம் சீக்கிரம் ஏறாது.

அக்கா மகனுக்கு என்690 கத்திதான் வாங்கினோம். 210 மில்லிமீட்டர் அலகு, காட்டு ஒலிவ் பிடி. கூடவே சொரசொரப்புக்கு ஒன்று, நயத்துக்கு ஒன்று என்று 1000, 3000 எண் போட்ட இரண்டு சாணைக்கல். என்690 கொஞ்சம் அழுத்தக்காரன், கரி எஃகு மாதிரிச் சட்டென்று கூர் ஏறாது. கல்லில் பொறுமையாக நிற்கக் கற்றுக்கொள்ளட்டும். பக்கத்துக்கு 15 டிகிரி சாய்வு என்று டர்பன்காரர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். மறுபடி கேட்டால் இன்றைக்கும் இதையே சொல்வேன்: வேலைக்குப் போகிற இளம் கைக்கு, ஒரே ஆள் முழுப்பொறுப்போடு செய்த ஒற்றை எஃகு.

ஆனால் பட்டறையில் நடந்த ஒன்று எங்கள் கணக்கை மாற்றிவிட்டது. நான் மாங்காய் வெட்டிக் கறுக்கவிட்டேனே, அதே நாள். டமாஸ்கஸ் கத்தியில் எதையாவது வெட்டிப் பாருங்கள் என்று டர்பன்காரர் அக்கா கையில் கொடுத்தார். அக்கா ஒரு வெங்காயத்தை எடுத்து, பாதியாக்கி, அரிந்தாள். அரிந்து முடித்ததும் கத்தியைத் திருப்பி, இடது கைத் துண்டில் ஓர் இழுப்பு, மறுபக்கம் ஓர் இழுப்பு. முதுகுப் பக்கமாகப் பிடித்து, வாய் துணியில் படாமல் துடைத்துப் பலகையில் சாய்த்து வைத்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள், கை தன் பாட்டுக்குத் துடைத்தது. டர்பன்காரர் என்னைப் பார்த்தார்.

ஆயாவின் அரிவாள்மனை இன்னும் சாட்ஸ்வொர்த் வீட்டில் அக்காவிடம்தான் இருக்கிறது. பச்சை இரும்பு. ஐம்பது வருடமாக அதில் புளியம்பிஞ்சிலிருந்து வாழைப்பூவரை அரிந்து, அரிந்த கையோடு துடைத்து, மடக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்த கை அது. முழங்கால் வலி வந்த பிறகு தரையில் உட்கார முடியாமல், பிளாஸ்டிக் பிடி போட்ட சின்னக் கத்தியால் காலம் தள்ளுகிறாள். கரி எஃகுக் கத்தி கேட்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாரிடம் இருக்கிறது என்று தேடிப்பார்க்கவே இல்லை நாங்கள். பையனுக்கு என்று போட்ட கணக்கில் கண் அந்தப் பக்கம் போகவில்லை.

கத்தியும் கல்லும் போக மிச்சம் 5,000 சொச்சம் இருந்தது. திரும்பி வரும்போது காரிலேயே தம்பி கேட்டான், "அண்ணே, இன்னும் ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு போட்டால்?" அண்ணனுக்குப் போன் செய்தோம். சரி என்றார், ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. அக்காவுக்குப் புரட்டாசியில் 60 முடிகிறது. அலகை 180 மில்லிமீட்டராகக் குறைக்கச் சொல்லியிருக்கிறோம், அவள் கை சின்னது.

பையனுக்குக் கொடுத்த அன்றைக்கு நான் கத்தியை நீட்டப்போனேன். "இரும்பைக் கையில் கொடுக்காதேடா" என்றாள் அக்கா. பலகையில் வைத்தேன். அவன் எடுத்துக்கொண்டான்.